கைக்கு வந்த கோப்பை நழுவியது. மறுவருஷமே மீட்டது எப்படி? போபோவிச் காட்டிய வழி

2013 என்பிஏ இறுதிச்சுற்று, 6-வது ஆட்டம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கோப்பையைத் தூக்க சில விநாடிகள்தான் பாக்கி. 5.2 விநாடி இருக்கும்போது மியாமி வீரர் ரே ஆலன் போட்ட மூன்று புள்ளி ஷாட் ஸ்கோரை சமமாக்கியது. அந்த ஆட்டமும் போச்சு, 7-வது ஆட்டத்தில் கோப்பையும் போச்சு.

சிக்கல் எங்கே?

அந்தக் கடைசி நேரத்தில் உயரமான டிம் டங்கனை வெளியே உட்கார வைத்தவர் பயிற்சியாளர் கிரெக் போபோவிச். அதனால் விமர்சனம் முழுக்க அவர் மேல்தான்.

என்ன செய்தார்?

அடுத்த சீசன் பயிற்சியில் அந்தத் தோல்வியின் வீடியோவையே வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். யாரையும் பலிகடா ஆக்கவில்லை. டங்கன், பார்க்கர், ஜினோபிலி கூட்டணியும் அப்படியே தொடர்ந்தது. தனக்கு வாய்ப்பு இருந்தாலும், இன்னும் நல்ல இடத்தில் நிற்பவருக்கு பந்தைக் கொடுத்துடணும். இதுதான் அந்த அணியின் ஆட்டம்.

2014-ல் அதே மியாமியை 4-1 என வீழ்த்தியது ஸ்பர்ஸ். போபோவிச்சுக்கு அது 5-வது கோப்பை.