முன்பணமும் வாய்ச்சொல்லும்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்பது நம் முன்னோர் மொழி. இரண்டும் மனிதனின் பொருளையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிப்பவை என்னும் பட்டறிவில் பிறந்த எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையை இன்று நாம் ஆறுதலாக மாற்றிக்கொண்டோம். கூரை ஒழுகுகிறது, குத்தகையாளர் வரவில்லை, கொடுத்த பணம் திரும்பவில்லை. கேட்பவர் பெருமூச்செறிந்து அப்பழமொழியைச் சொல்கிறார். சொன்ன அளவில் இருவர் மனமும் அடங்கிவிடுகிறது. அநீதி ஒன்றைப் பழமொழியால் போர்த்திவிட்டால், பின்னர் அதை அநீதி என்று அழைப்பார் இல்லை. அப்போர்வையை விலக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கில் வீட்டைப் பழுதுபார்க்கப் புகுந்தோர் படும் அல்லலை விதியின் மேல் ஏற்றுவது பிழை. ஓரிரு தீயவர்களின் குணத்தின்மேல் மட்டும் ஏற்றுவதும் பிழை. பணம் முன்னே போகவும், எழுத்து இறுதிவரை வராதிருக்கவும் இடங்கொடுக்கும் பழக்கமே அதன் வேர். அப்பழக்கத்தை வளர்த்தவர்கள் நாம். அதைக் கண்டும் காணாமல் விட்டது சட்டம்.

பணம் போகும் வழி

வழக்கமாக நிகழ்வது யாது? குத்தகையாளர் வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், ஒரு தொகையைச் சொல்கிறார். பொருள் வாங்க வேண்டும் என்று பாதியை முன்பணமாகக் கேட்கிறார். மறுநாளே ஆட்கள் வந்து குளியலறைத் தரையைப் பெயர்க்கின்றனர். சமையலறைக் கூரையின் ஓடுகளை இறக்குகின்றனர். இடிக்கும் வேலை விரைவாக நடக்கிறது. அதன்பின் ஆட்கள் குறைகின்றனர். தொலைபேசியில் ‘அடுத்த வாரம்’ என்னும் விடை வருகிறது. அந்த அடுத்த வாரம் வருவதற்குள் மழை வந்துவிடுகிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் குத்தகையாளரை வைவதால் பயனில்லை. போதிய முதலின்றித் தொழில் நடத்தும் சிறு குத்தகையாளர், இன்றைய வீட்டின் முன்பணத்தைக் கொண்டு நேற்றைய வீட்டின் கடனை அடைக்கிறார். நம் வீட்டு வேலை முடிய நாளைய வீட்டின் முன்பணம் வந்தாக வேண்டும். ஆகவே, கையிலுள்ள வேலையை முடிப்பதைவிடப் புதிய வேலையைத் தொடங்குவதே அவருக்கு இன்றியமையாததாகிறது. இடிப்பது மட்டும் ஏன் விரைவாக நடக்கிறது என்பதும் இப்போது விளங்கும். தரை பெயர்க்கப்பட்ட வீட்டுக்காரர் வேறொருவரை எளிதில் நாட முடியாது. பிறர் பாதியில் விட்ட வேலையை ஏற்க மற்றொருவர் தயங்குவார். ஏற்பினும் கூடுதல் தொகை கேட்பார். கதவுக் கீல், குழாய்க் கசிவு, தரை ஓடுகளின் இடைவெளி முதலிய கடைசி வேலைகளோ நேரம் மிகவும் தின்பவை, ஆதாயம் குறைந்தவை. அந்நிலைக்குள் தொகை முழுவதும் கைமாறியிருக்குமானால், அவரைத் திரும்ப அழைத்து வருவது எது? மனச்சான்று ஒன்றே. மனச்சான்றைப் பிணையாக வைத்து எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை. நாம் மட்டும் கொடுக்கிறோம்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

ஜார்ஜ் டவுனில் இத்துன்பத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்நகரின் பழைய கடைவீடுகளை நெடுங்காலம் அசையாமல் வைத்திருந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அதன் காப்பு முடிவுற்றது. 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பழைய வீடுகளுக்குப் புதிய மதிப்பு வந்தது. மதிப்போடு பழுதுபார்க்கும் வேலையும் வந்தது. ஆனால், அவ்வேலையைச் செய்யும் அறிவு அதே வேகத்தில் வரவில்லை.

பழைய கடைவீட்டின் சுவர், சுட்ட செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையால் அடுக்கி, சுண்ணாம்பே பூசப்பட்டது. அதன் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. நிலத்தின் ஈரம் செங்கல் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும். இதை ‘மூச்சுவிடும் சுவர்’ என்பர். அச்சுவரின்மேல் சிமெண்டைப் பூசி, அதன்மேல் ஈரம் புகாத வண்ணமும் அடித்தால் என்னாகும்? வெளியேற வழியற்ற ஈரம் மேன்மேலும் ஏறும். அதனோடு வந்த உப்பு சுவருக்குள்ளே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வண்ணம் கொப்புளித்து உரியும். குத்தகையாளரோ ‘சிமெண்டு வலுவானது’ என்கிறார். உரிந்த சுவருக்கு மீண்டும் சிமெண்டையே பூசுகிறார். மீண்டும் பணம் பெறுகிறார். நோயை உண்டாக்கும் மருந்தையே அந்நோய்க்கு மறுபடியும் கொடுக்கும் வைத்தியத்திற்கு நாம் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதில் தமிழர் நாணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுண்ணாம்பு வேலை நமக்கு அயலான கலை அன்று. முட்டையின் வெண்கருவும் வெல்லமும் கடுக்காய் நீரும் சேர்த்து அரைத்த சாந்தைப் பளிங்குபோல் மெருகேற்றும் திறன் தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்குக் கைவந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இன்றும் அதற்குச் சான்று கூறுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பிலேயே பினாங்கின் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் எழுந்தது. சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூ பேராலயத்தையும் இந்தியக் கைதிகளே கட்டினர். அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது ‘மதராஸ் சுண்ணம்’ என்னும் சாந்து. விலங்கு பூட்டப்பட்டு வந்தவர்கள் செய்த வேலை இரு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அக்கலையை அறிந்த சமூகத்தில் பிறந்த நாம், எந்தச் சாந்து பூசப்போகிறீர்கள் என்று ஒரு சொல் கேளாமல் முன்பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

சட்டத்தின் பாராமுகம்

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் நிலத்தோடு கூடிய புது வீடு வாங்குவோருக்கு ஒப்பந்தப் படிவத்தைச் சட்டமே வரைந்து கொடுத்துள்ளது. கையொப்பமிடும்போது விலையில் 10 விழுக்காடு. பின்னர் அடித்தளம், சுவர், கூரை என வேலை வளர வளரப் பணம். கடைசி 5 விழுக்காட்டை வழக்கறிஞர் பொதுவில் நின்று வைத்திருக்க வேண்டும். அதில் பாதி 8 மாதங்களுக்குப் பின்னரும், மீதி 24 மாதங்களுக்குப் பின்னரும் விடுவிக்கப்படும். அந்த 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். எத்துணைத் தெளிவான ஏற்பாடு! புது வீட்டுக்கு இத்துணைக் காவல் வைத்த சட்டம், அதே வீட்டைப் பின்னொரு நாள் பழுதுபார்க்கும்போது அத்தகைய கட்டாயப் படிவம் எதையும் கேட்பதில்லை.

கட்டுமானத் தொழிலில் பணத் தகராறுகளை விரைந்து தீர்க்க 2012இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2014இல் நடைமுறைக்கு வந்தது. தம் குடியிருப்புக்கென்றே நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தில் தனிமனிதர் செய்விக்கும் வேலை அச்சட்டத்திற்குப் புறம்பானது. மாளிகை எழுப்பும் நிறுவனத்திற்கு விரைவான வழி. ஓட்டை மாற்றும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அவ்வழி இல்லை. அவரிடம் வேலை செய்து பணம் பெறாத குத்தகையாளருக்கும் இல்லை.

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியச் சட்டம் 1994ஆம் ஆண்டினது. குத்தகையாளர் எவரும் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. எனினும், பதிவு என்பது பெயர் ஏட்டில் உள்ளது என்பதற்குச் சான்று. நம் பணத்துக்குப் பிணை அன்று. அந்தச் சான்றையேனும் கேட்டுப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? வீட்டின் அமைப்பை மாற்றுமுன் ஊராட்சித் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்னும் ஒரு வாக்கியத்தில் அதையும் விட்டுவிடுகிறோம். பின்னர் மாநகர் மன்றத்தின் அறிவிப்பு வரும்போது அதில் இருப்பது வீட்டுக்காரரின் பெயர்.

திறந்திருக்கும் வாயில் ஒன்று உண்டு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அமைத்த கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி செலுத்தி முறையிடலாம். 2019இன் திருத்தத்திற்குப் பின் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் வேண்டியதில்லை, சிக்கல் எழுந்த மூன்றாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். நல்ல வாயில்தான். ஆனால், அங்கே நடுவர் கேட்கும் முதற்கேள்வி யாதாக இருக்கும்? ‘என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்?’ என்பதே. வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு சென்றவர் அதற்கு என்ன விடை கூறுவார்? அவர் சொன்னதாக இவரும், சொல்லவில்லை என்று அவரும் கூறுவர். வழக்கு மூச்சுத் திணறும்.

மூன்று மறுப்புகள்

‘எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று வருந்துவார்’ என்பது முதல் மறுப்பு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட அணிகலன்களின் எடையையும் எண்ணிக்கையையும் கல்லிலே வெட்டி வைத்தான் இராசராசன். தன் அதிகாரிகளை நம்பாமல் வெட்டினானா? கொடுத்தது இன்னது என்று நாளைக்கும் தெரிய வேண்டுமென்றே வெட்டினான். அக்கல்வெட்டுகளை வகுப்பில் பெருமையோடு எடுத்துரைக்கும் நாம், நம் வீட்டுக் கூரைக்கு ஒரு தாள் எழுதக் கூசுவது எவ்வாறு பொருந்தும்? நண்பர்கள் பிரிவது எழுதியதால் அன்று. எழுதாமல் விட்டதை இருவரும் இரு வகையாக நினைவில் வைத்திருப்பதால்.

‘அவர் நம்மவர்’ என்பது இரண்டாம் மறுப்பு. நம்மவர் என்பதற்காகக் கேள்வி கேளாதிருப்பது அன்பாகாது. ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்த வள்ளுவர், நம்மவர் எனின் இரண்டையும் விட்டுவிடுக என்று விதிவிலக்கு வைக்கவில்லை.

‘ஒப்பந்தம் கேட்டால் ஆள் கிடைக்கமாட்டார்’ என்பது மூன்றாம் மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஒருவர் மட்டும் கேட்டால் குத்தகையாளர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எல்லாரும் கேட்டால் அவர் எங்கே போவார்? ஆகவேதான் இது தனிமனிதர் விழிப்போடு முடியும் செய்தி அன்று என்கிறேன்.

குத்தகையாளர் தரப்பையும் கேட்பதே நீதி. மிகக் குறைந்த விலை சொன்னவரையே தேடிப் பிடிப்பவர்கள் நாம். பாதி வேலையில் மனம் மாறி, ‘இந்தச் சுவரையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்’ என்பவர்கள் நாம். அதற்குரிய கூலியைக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் நாம். முறையாகப் பதிந்து, தொழிலாளர்க்கு நேர்மையாகக் கூலி கொடுத்து, உரிய விலை சொல்லும் நல்ல குத்தகையாளர், விலை குறைத்துச் சொல்லும் மற்றவரிடம் தோற்றுப்போகிறார். எழுத்து அவருக்கும் காவல். கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் என்று தாளில் இருந்தால் அவர் கெஞ்ச வேண்டியதில்லை.

செய்ய வேண்டுவன

புது வீட்டுக்கு உள்ளதுபோல் பழுதுபார்க்கும் வேலைக்கும் ஓர் எளிய ஒப்பந்தப் படிவத்தை அரசு வகுத்துக் கட்டாயமாக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலை, பொருளின் வகை, தொடங்கும் நாள், முடியும் நாள், தவணைகள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். 40,000 வெள்ளி வேலையானால், கையொப்பத்தின்போது 4,000 போதும். மற்றவை முடிந்த வேலையைக் கண்ணால் கண்டபின். 2,000 வெள்ளியையேனும் ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைத்தல் வேண்டும். கூரையின் உண்மையை மழையைவிட நன்றாகச் சோதிப்பவர் எவருமிலர். மாநகர் மன்றம் அனுமதி வழங்கும்போதே இப்படிவத்தைக் கேட்டுப் பெறலாம். பாரம்பரிய வட்டாரத்து வீடாயின், சுண்ணாம்பா சிமெண்டா என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். மலாய் மொழிப் படிவத்தோடு தமிழிலும் சீனத்திலும் அதன் பெயர்ப்பு கிடைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழாசிரியப் பெருமக்களே! விண்ணப்பக் கடிதமும் புகார்க் கடிதமும் எழுதப் பயிற்றும் நீங்கள், ஒரு பாடவேளையில் ஒப்பந்தம் எழுதவும் பயிற்றுங்கள். ‘நல்ல ஓடு’ என்பதற்கும் ‘இன்ன அளவில், இன்ன வகையில், இத்தனை ஓடு’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர் உணரட்டும். ‘விரைவில்’ என்னும் சொல்லை அடித்துவிட்டு ஒரு தேதியை எழுதக் கற்கட்டும். சொல்லைத் துல்லியமாக ஆளக் கற்பிப்பதே மொழிப் பாடம் எனின், இதனினும் சிறந்த பயிற்சி யாது? மாணவர்களே! அடுத்த முறை உங்கள் இல்லத்துக்குக் குத்தகையாளர் வரும்போது, பெற்றோர் பணத்தை எடுக்குமுன் நீங்கள் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து வையுங்கள்.