2036 வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்

போன சண்டையில் நம்மைக் கொன்ற எதிரி, அடுத்த முறை எதிரே வரும்போது நம்மை அடையாளம் கண்டுகொள்கிறான். நம் கையால் முகம் கருகியவன் அந்தத் தழும்போடு வந்து நிற்கிறான். நம்மைக் கொன்ற புகழுக்கே அவனுக்குப் படையில் பதவி உயர்கிறது. 2014-இல் வந்த 'மிடில் எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமில் இதைக் கண்டு மெய்சிலிர்த்தவர்களில் நானும் ஒருவன். நெமசிஸ் சிஸ்டம் என்று அதற்குப் பெயர். வார்னர் பிரதர்ஸுக்குச் சொந்தமான மோனோலித் நிறுவனம் செய்தது. அதை உருவாக்கிய கைகளை இன்றும் கும்பிடுவேன்.

ஆனால் 2021 பிப்ரவரியில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அது காலாவதியாவது 2036-இல்.

வார்னர் பிரதர்ஸ்காரர்களே, எதை உங்கள் சொத்தாக எழுதி வாங்கினீர்கள்? பகையை மறக்காத எதிரியையா? பீஷ்மரை மறக்காத அம்பை மறுபிறவி எடுத்துச் சிகண்டியாய்ப் போர்க்களத்தில் வந்து நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். உங்கள் கேமில் எதிரியாய் வரும் ஓர்க் அரக்கனின் முகத்தை நான் கேட்கவில்லை. உங்கள் கோடில் ஒரு வரி வேண்டாம், ஒரு அனிமேஷன் வேண்டாம். அவற்றுக்குப் பதிப்புரிமை இருக்கிறது, இருக்கட்டும், திருடுகிறவனைத் தண்டியுங்கள். நான் கேட்பது ஒரு ஆட்டத்தின் விதியை. அதை என் கதையில், என் மனிதர்களை வைத்து, நானே எழுதிய கோடில் செய்து பார்க்கும் சுதந்திரத்தை.

செய்யத்தான் செய்தோம். கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சின்னக் குழு நாங்கள். பாளையக்காரர் காலத்துக் கதை. தோற்று ஓடிய தளபதி அவமானத்தைச் சுமந்துகொண்டு திரும்பி வருவான். அதுதான் கேமின் உயிர். வெளிநாட்டு பப்ளிஷர் ஒருவர் பிடித்துப்போய் ஒப்பந்தம் அனுப்பினார். காப்புரிமை வழக்கு எது வந்தாலும் செலவு முழுக்க எங்கள் தலையில் என்று அதில் ஒரு பிரிவு. கூடவே ஒரு யோசனை: அந்தத் தளபதி விஷயத்தை எடுத்துவிடுங்களேன். எடுத்தோம். இரவு பகலாய் எழுதியதை எங்கள் கையாலேயே அழித்தோம். யாரும் எங்கள்மீது வழக்குப் போடவில்லை. போடாமலேயே எங்கள் கேம் செத்துவிட்டது.

வக்கீல்கள் ஆறுதல் சொல்கிறார்கள். காப்புரிமைக் கோரிக்கையில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு அம்சமும் பொருந்தினால்தான் அது மீறல் ஆகுமாம், கொஞ்சம் மாற்றிச் செய்தால் தப்பிக்கலாமாம். எவ்வளவு மாற்றினால் போதும் என்று யார் சொல்வது? அமெரிக்க நீதிமன்றம் சொல்லும். அதைக் கேட்க அங்கே போய் வழக்காட வேண்டும். அதற்கு ஆகும் பணத்தில் எங்களைப் போன்ற குழு எத்தனையோ கேம் செய்துவிடும். சட்டப்படி எங்களுக்கு வழி இருக்கிறது, நடக்கத்தான் காசில்லை.

சரி, பூட்டி வைத்தவர்களாவது ஆண்டு அனுபவித்தார்களா? 2017-இல் 'ஷேடோ ஆஃப் வார்'. அதோடு சரி. இதே முறையைக் கொண்டு ஒண்டர் வுமன் கேம் வரும் என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் அதை ரத்து செய்து, மோனோலித்தையே இழுத்து மூடினார்கள். அங்கே இருந்தவர்கள் வேலையிழந்தார்கள். உருவாக்கியவர்களே புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினாலும், தங்கள் மூளையில் பிறந்ததைத் தொட வார்னரிடம் அனுமதி கேட்க வேண்டும். கண்டுபிடித்தவனைக் காக்கத்தான் காப்புரிமை என்கிறார்களே, இங்கே யாரைக் காத்தது?

இது புதிய கொடுமையும் இல்லை. கேம் லோட் ஆகும் நேரத்தில் ஆடச் சின்னதாய் இன்னொரு கேம் கொடுப்பதற்கு நாம்கோ 1998-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. கமடோர் 64 கணினியில், கேசட் ஓடி முடியும்வரை ஆடுவதற்கு 'இன்வேட்-எ-லோட்' 1987-இலேயே வந்துவிட்டது. அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2015-இல்தான் அந்தக் காப்புரிமை காலாவதியானது. பிளேஸ்டேஷன் தலைமுறைகள் நான்கில் பிள்ளைகள் வெறும் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது தலைமுறையில் எஸ்எஸ்டி வந்தது, காத்திருக்கும் நேரமே சுருங்கிவிட்டது. இனி அந்த யோசனை யாருக்கு வேண்டும்?

நிண்டெண்டோவைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு நெஞ்சு அதிகம் எரிகிறது, அவர்கள் கேம்களை ஆடித்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். 2024 ஜனவரியில் ஜப்பானின் பாக்கெட்பேர் என்ற சிறிய கம்பெனி, உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் 'பால்வேர்ல்டு' கேமை வெளியிட்டது. செப்டம்பரில் நிண்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் டோக்கியோவில் வழக்குப் போட்டன. உருவங்களைக் காப்பியடித்தார்கள் என்று அல்ல, மூன்று காப்புரிமைகளை மீறினார்கள் என்று. அந்த மூன்றுக்கும் விண்ணப்பம் போனது பால்வேர்ல்டு வெளிவந்த பிறகு! 2021-இல் போட்ட விண்ணப்பத்தின் கிளை என்பதால் சட்டம் அனுமதிக்கிறதாம். எதிராளி ஆடிய பிறகு விதியை எழுதுவதைத் தெருவில் கோலி ஆடும் பிள்ளைகள்கூட ஒப்புக்கொள்ளமாட்டார்கள். வழக்கு முடியும் முன்பே பாக்கெட்பேர் தன் கேமை வெட்டிக்கொண்டது. உருண்டையை வீசி உயிரினத்தை அழைப்பது 2024 நவம்பரில் போனது. உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் மிதப்பது 2025 மே மாதம் போனது. காசு கொடுத்து வாங்கியவன் கையிலிருந்தே பிடுங்கப்பட்டது.

போக்கிமான் எங்கிருந்து வந்தது? எதிரிப் பேய்களைப் பேசி மயக்கித் தன் பக்கம் சேர்ப்பது 1987-இன் 'மெகாமி டென்சே'யில் இருந்தது. தோற்ற அசுரர்களைக் கூட்டாளியாக்குவது 1992-இன் 'டிராகன் குவெஸ்ட் 5'-இல் இருந்தது. அவர்களும் இப்படிப் பூட்டுப் போட்டு, இருபது வருஷம் சாவியை இடுப்பில் செருகியிருந்தால், 1996-இல் போக்கிமான் பிறந்திருக்குமா?

2025 செப்டம்பரில், துணைப் பாத்திரத்தை அழைத்துச் சண்டையிட வைப்பதற்கு அமெரிக்கா நிண்டெண்டோவுக்கு இன்னொரு காப்புரிமை தந்தது. நவம்பரில் காப்புரிமை அலுவலகத்தின் தலைவரே அதை மறுஆய்வு செய்ய உத்தரவிட்டார். ஏற்கெனவே இருந்த பழைய விண்ணப்பங்களைச் சுட்டிக்காட்டித்தான் உத்தரவு. அதில் ஒன்று நிண்டெண்டோவே போட்டது. தங்கள் அலமாரியில் இருந்ததைக்கூடப் பார்க்காமலா முத்திரை குத்தினார்கள்?

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) உட்பிரிவு விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தின் 52-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஆனால் எங்கள் கேம்களை வாங்குகிறவர்களில் பெரும்பங்கு அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே ஆட்டவிதியோடு பிராசஸர், மெமரி, திரை என்று நாலு சொல்லைச் சேர்த்து எழுதினால் சில நேரம் அது கண்டுபிடிப்பாகிவிடுகிறது. ஆட்டம் அதே ஆட்டம்தானே?

2021-இல் இஏ நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஐந்து காப்புரிமைகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், வழக்குப் போடமாட்டோம் என்று அறிவித்தது. 'அபெக்ஸ் லெஜண்ட்ஸ்' கேமில், பேசாமலேயே கூட்டாளிகளுக்குக் குறிப்புக் காட்டும் பிங் சிஸ்டமும் அதில் ஒன்று. அதனால் இஏ திவாலாகிவிடவில்லை. வார்னர் பிரதர்ஸ்காரர்களே, மோனோலித்தை மூடிவிட்டீர்கள், 2017-க்குப் பிறகு நெமசிஸை வைத்து நீங்கள் எதுவும் வெளியிடவில்லை. இஏ கொடுத்ததைப் போல ஒரு அறிக்கை கொடுங்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.