சிட்னியிலும் ஒரு லாட்ஜ் வைத்தியர்

அன்புள்ள அருப்புக்கோட்டைச் சொந்தங்களுக்கு,

இந்த மடலை எழுதுகிறவர் உங்கள் ஊர்க்காரர்தான். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர். பதினாறு வருடமாகச் சிட்னியில் இருக்கிறார். வயது 47. பெயர் போடவில்லை. இவருடைய அம்மா இன்னமும் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை வாசிப்பவர். 'நான்' என்று தொடங்கினால் பேனா நகர மாட்டேன் என்கிறது, அதனால் 'இவர்' என்றே எழுதுகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சித்தப்பா மகன் போன் செய்தான். ஊர்க்கதை, மழை, கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அங்க நல்ல மருந்து கிடைக்குமாமே. வரும்போது வாங்கிட்டு வர்றீங்களா?" என்ன மருந்து என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. "சுகர் பார்த்தியாடா?" என்று மட்டும் கேட்டார். லைன் கட்டாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுச் சுவர் உங்களுக்குத் தெரியும். சினிமா போஸ்டருக்குக் கீழே, கட்டணக் கழிப்பறைப் பக்கமாக இன்னொரு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, இளமையில் அறியாமல் செய்த தவறு. பரம்பரை வைத்தியர் மாதம் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்குவார். பள்ளிக்கூடப் பையன்கள் சத்தமாக வாசித்துச் சிரிப்பார்கள். கல்யாணம் நிச்சயமானவர்கள் சத்தமில்லாமல் வாசிப்பார்கள். அவரிடம் போய் வந்ததாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் வந்தார். ரூம் வாடகையை யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிரித்த பையன்களில் இவரும் ஒருவர். 2019இல், 41 வயதில், சிட்னியில் அதே ரூமுக்குத்தான் போனார். கதவு மட்டும் வேறு.

ஓராண்டாகவே உடம்பு ஒத்துழைக்கவில்லை. மனைவி ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார். இவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் கார் ரேடியோவில் ஆண்களுக்கான கிளினிக் விளம்பரம் ஓடியது. கார் பார்க்கிங்கில் நின்றபடியே அந்த நம்பருக்கு அடித்தார். பேசிய பெண்ணை டாக்டர் என்றே நம்பினார். அவர் விற்பனைப் பிரிவு. டாக்டர் என்று பிறகு வந்த குரல் ஐந்து நிமிடம் இருந்திருக்கும். நெஞ்சுவலி உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு கேள்வி. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுபடியும் விற்பனைக்காரர் வந்தார். "இப்படியே விட்டால் நிரந்தரமாகிவிடும். உங்கள் மனைவி எத்தனை நாள் பொறுப்பார்?" பன்னிரண்டு மாத கோர்ஸ், 3,400 டாலர், இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி. லாட்ஜ்காரர் 'ஒரு மண்டலம்' என்பார். இவர்கள் ஒரு வருடம்.

பார்சலில் வந்தது வாயில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. தலைவலி வந்தது, குமட்டல் வந்தது, வேறொன்றும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, இவர் போனில் 'சரி' என்று சொன்னதே ஒப்பந்தம் என்றார்கள். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சொன்னால் எதற்காகக் கட்டிய பணம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமே. இந்தத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

ஆஸ்திரேலியாவில் இது புதிதல்ல என்று பிறகுதான் தெரிந்துகொண்டார். இவர் ஏமாந்த இடம் வேறு. ஆனால் அட்வான்ஸ்டு மெடிக்கல் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனம், படுக்கையறை சமாச்சாரத்தைச் சாலையோரத் தட்டிகளில் ஆளுயர எழுத்தில் போட்டு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. நுகர்வோர் ஆணையம் அதன் தொழிலை நடத்தியவர்கள் மீது வழக்குப் போட்டது. 2015இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் மனசாட்சிக்கு ஒவ்வாத முறையில் நடந்துகொண்டார்கள் என்று தீர்ப்பளித்தது. டாக்டர் போனிலேயே பார்த்தது, நோயாளியைப் பயமுறுத்தி நீண்ட கால ஒப்பந்தத்தில் சிக்கவைத்தது, ஊசி உட்பட எல்லாவற்றையும் முயன்று பார்த்த பிறகே பணம் திரும்பும் என்ற நிபந்தனை, எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் 1954இலேயே வந்துவிட்டது. பாலின்பத் திறனை மருந்தால் கூட்டுவதாக விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை. அந்தச் சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. போஸ்டரின் பசை இன்னும் காயவில்லை.

இவரைக் கடைசியில் பிடித்தது வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் குடும்ப டாக்டர். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பது வயதைத் தாண்டியவர். பெண் என்பதாலும் தமிழ் என்பதாலும் இவர் அதுவரை அங்கே இந்த விஷயத்தை வாயே திறக்கவில்லை. அன்று சளிக்குப் போன இடத்தில் எப்படியோ சொல்லிவிட்டார். டாக்டர் கண்ணிமைக்கவில்லை. "இதிலை வெட்கப்பட ஒண்டும் இல்லை. எத்தனை வருசமா இரத்தம் சோதிக்கேல்ல?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.2 என்று வந்தது. 3,400 டாலர் வாங்கியவர்கள் கேட்காத கேள்வி அதுதான்.

அந்த டாக்டர் ஒரு தாளில் இரண்டு குழாய் வரைந்து காட்டினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம். ஆணுறுப்புக்குப் போவது ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். சர்க்கரையும் கொழுப்பும் குழாயைக் கெடுக்கும்போது சிறியதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே படுக்கையறையில் மணி அடிக்கிறது. நாம் நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் வாங்கப் போகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. ஏதோ ஓர் அளவில் இந்தக் குறை இருந்தவர்கள் அதில் 52 விழுக்காடு. டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி கேட்ட மருந்து எது என்று இவருக்குத் தெரியும். சில்டெனாபில், அதாவது வயாகரா. நெஞ்சுவலிக்கு மருந்து தேடப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் ஊர் மெடிக்கலிலேயே இருக்கிறது, சிட்னியிலிருந்து சுமந்து வர வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் இதையும் போட்டால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கும், உயிரே போகலாம். மூலிகை லேகியம் என்று வாங்கியது அன்றிரவே வேலை செய்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். மூலிகை என்ற பெயரில் இதே ரசாயனத்தைக் கலந்து விற்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பல முறை எச்சரித்திருக்கிறது.

விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' என்ற பாலியல் விளக்க நிகழ்ச்சியை நடத்தியபோது, இவர் வீட்டில் அப்பா எழுந்துபோய் சேனலை மாற்றினார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் சுகர் இருந்தது.

இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. மாத்திரை கொண்டுவருகிறவர், வேறேதும் தொந்தரவு இருக்கிறதா என்று வீட்டு ஆம்பளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கவில்லையென்றால் நீங்களாகச் சொல்லலாம்.

தம்பி, நீ இந்தப் பத்திரிகை வாங்குகிறவன் என்று தெரியும். சுகர் பார்க்க வெறும் வயிற்றில், காலையிலேயே போக வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பொங்கல் வரை பொறு. பதினான்காம் தேதி இவர் ஊரில் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரர்