கடலுக்கு அஞ்சிய வீரன்

மின்னி பேயில் வாழும் நம் சங்கத்து மூத்த அம்மையார் ஒருவர், 1968ஆம் ஆண்டில் புதுமணப்பெண்ணாய்ச் சென்னையில் கப்பலேறி இத்தீவுக்கு வந்தவர். சீர்ப் பாத்திரங்களோடு, அவருடைய தந்தையார் ‘கல்கி’ இதழ்களினின்றும் பிரித்தெடுத்துக் கட்டடம் செய்வித்த ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் உடன் வந்தன. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அத்தொடர்கதையை, மணியம் அவர்களின் சித்திரங்களோடு அவ்வாறு சேர்த்து வைத்த இல்லங்கள் பல.

நூலின் பெயர் அருள்மொழிவர்மனுக்கு உரியது. அம்மையாரின் உள்ளமோ வந்தியத்தேவனுக்கு உரியது. அவர் மட்டுமா? நம்மில் எத்தனை பேர்! ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் தோன்றும் அவ்விளைஞனுக்கு ஆள நாடில்லை. வாணர் குலத்து அரசு முன்னமே கைநழுவிற்று. உள்ளவை ஒரு குதிரை, இரண்டு ஓலைகள், ஓயாத நாக்கு. அவசரப்படுவான், அகப்படுவான், பொய் கூறித் தப்புவான். ஒப்புவித்த செய்தியை மட்டும் கைவிடான். ஊரில் காணி நிலமின்றி, யாரோ எழுதித் தந்த முகவரிச் சீட்டை நம்பி இங்கு இறங்கிய நம் முன்னோர் அவனை உறவினன் என்றே கொண்டதில் வியப்பென்ன?

சரித்திரம் அவனைப் பற்றி அதிகம் பேசவில்லை. குந்தவைப் பிராட்டியாரின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. எஞ்சியதெல்லாம் பெரும்பாலும் கல்கியின் கற்பனையே. (இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று நிக்கோபாரைக் குறிக்கின்றது. ஆயினும் கல்கி நம் வீரனை இப்பக்கம் அழைத்து வரவில்லை. நமக்கு அதில் சிறு மனத்தாங்கல் உண்டு!)

இத்தீவின் ஈரத்திலும் கறையானிலும் அம்மையாரின் இரண்டாம் பாகம் அழிந்தது. 2022இல் திரைப்படம் வந்தபின், தமிழை எழுத்துக்கூட்டியே வாசிக்கும் பேரன் கதை கேட்டான். முதற் பாகத்தை அவர் வாசித்துக் காட்டினார். இரண்டாம் பாகத்தை நினைவிலிருந்தே சொன்னார்.

பின்னர் நாம் புதிய பிரதி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தோம். பையன் தானே எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

“அப்பத்தா, வந்தியத்தேவன் கடலைக் கண்டு பயப்படுகிறானே! பூங்குழலிதான் படகு ஓட்டி அவனை ஈழத்துக்குக் கொண்டு போகிறாள். நீங்கள் சொன்ன கதையில் அவன் பயப்படவே இல்லையே?”

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை.

“கப்பலில் மூன்று நாள் தலை தூக்க முடியாமல் கிடந்தேன், ஐயா. அவன் போகவில்லையா என்று எண்ணித்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அவன் அஞ்சினான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை” என்றார்.

பையன் இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறான். ழகரம் தவறும் இடங்களில் மட்டும் அம்மையார் குறுக்கிடுகிறார்.