மாயமற்ற அன்பு

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் 'பிலதெல்பியா' என்று ஒரு சொல் உண்டு. உடன்பிறப்புகளிடம் வைக்கும் அன்பு என்று பொருள். கிரேக்கர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு தாய் மக்களுக்கே பயன்படுத்தினார்கள். ரத்த உறவே இல்லாத சபையாருக்கும் அதைப் பொருத்தியவர்கள் முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள். கூடவே ஓர் அடைமொழியும் வைத்தார்கள்: நடிப்பில்லாத. மேடை நடிகனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. பழைய தமிழ் பைபிள் அதை 'மாயமற்ற' என்று மொழிபெயர்த்தது.

இந்தியாவில் சோதனைக்கு உள்ளாவது இந்த அடைமொழிதான். முன்பின் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடமும் தொழுநோய் மருத்துவமனையும் கட்டிய சபைகளுக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவரோடுதான் சிக்கல்.

1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகள் சாதி வேற்றுமையை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியார் தனித்தனியே அமர்வதற்காகக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் தடுப்பு இருந்தது. 1910-ல் அதை அகற்றியபோது வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடுப்பு கேட்டவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கேரளத்தில் தலித் கிறிஸ்தவரான பொய்கையில் யோகன்னான் சபை விட்டு சபை மாறிப் பார்த்தார். எங்கும் அதே வேற்றுமை. கடைசியில் தனி இயக்கமே கண்டார்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வெளியே நின்றார்கள். மதம் மாறியும் தீண்டாமை விடவில்லை என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். சபைத் தலைவர்களும் அதை ஆதரிக்கிறார்கள். ஆனால் அப்படி வாதாடும்போது சபை தன்னைப் பற்றியும் சாட்சி சொல்கிறது. 2016-ல் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

மேல்மட்டத்தில் மாற்றம் தெரிகிறது. ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022-ல் கர்தினால் ஆனார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர். மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அன்பு நிஜமா, நடிப்பா என்று அறிய ரோம் வரை போக வேண்டியதில்லை. திருவிழாத் தேர் எந்தத் தெரு முனையில் திரும்பிக்கொள்கிறது? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை? 'மணமகள் தேவை' விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்பதை அடுத்து என்ன எழுதியிருக்கிறது? உங்கள் ஊரிலேயே விடை கிடைக்கும்.

சுவரை ஆயர் இடிக்கலாம். இடித்தது சரி என்று நீதிபதி சொல்லலாம். பக்கத்துத் தெருக்காரர் வீட்டுப் பந்தியில் உட்காரவும், அவர் வீட்டில் பெண் எடுக்கவும், அவர் பாடைக்குத் தோள் கொடுக்கவும் யாரும் உத்தரவு போட முடியாது. அதைச் சபையார்தான் செய்யவேண்டும்.