காத்திருப்போர்க்கு ஒரு சொல்

இங்கிலாந்து தேசத்தில், புற்றுநோய் உளதோவென ஐயுற்று அவசரமாக அனுப்பப்படுவோரை இரண்டு வாரத்துள் நிபுணர் காணல் வேண்டுமென்ற விதி முன்னர் இருந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அது நீங்கி, நோய் உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுள் நோயாளிக்கு அறிவித்தல் வேண்டுமென்ற விதி அதனிடத்தில் நின்றது. சொல்லுதலும் வைத்தியத்தின் பகுதியே என்பதை இம்மாற்றம் ஒப்புக்கொள்கின்றதன்றோ? இதனை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆயினும், அந்நாட்கள் கழியுமளவும் ஒரு செய்தியும் வாராதாயின் நோயாளி என் செய்வான்? மௌனத்தை நற்செய்தியென்றெண்ணி அவன் வாளாவிருப்பின், வழிதவறிய ஒரு கடிதம் அவனுயிர்க்கே கேடாய் முடியலாம். "இன்ன நாளில் வருக, தாமதமாயின் இன்னாரைக் கேட்க" என்னும் இரண்டு வரிக்குப் பெருஞ்செலவில்லை. வைத்தியத்துறை புகும் நம் மாணவர்கள் இதனை மறவாதிருப்பாராக.