பதினெட்டரை டொலர்

எங்கட சொந்தக்காரரின்ர வட்ஸ்அப் குறூப்பில ஒரு 'ஐடியா' சுத்தித் திரியுது. குடும்பமா நாலு இரவு குறூஸ் போறீங்களா? மியாமியில ஏறி, பஹாமாஸ் பாத்திட்டு, திரும்பி மியாமியில இறங்கிறதா? அப்ப ரெண்டாம் நாள் காலமை கப்பலில இருக்கிற வாடிக்கையாளர் கவுண்டருக்குப் போய், "கணக்கில போட்டிருக்கிற டிப்ஸை எடுத்து விடுங்கோ" எண்டு கேளுங்கோ. ஒண்டும் கதைக்காம எடுத்து விடுவினம். ஒராளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டொலர். அஞ்சு பேர், நாலு நாள். 370 டொலர் மிச்சம்.

அனுப்பினது ரொறன்ரோவில இருக்கிற எனக்கு மாமா முறையான ஒராள். கீழ கைதட்டல் படங்கள் வரிசையா விழுந்திருந்திது.

நான் எழுத வந்தது இந்த 370 டொலரைப் பற்றி. குறூஸ் போறதே பிழை எண்டு எழுத வரேல்லை. எங்கட கலைப்பீடத்தில குறூஸ் எண்ட சொல்லைக் கேட்ட உடன 'நுகர்வுக் கலாசாரம்' எண்டு தொடங்கி நாலு பக்கம் எழுத ஆக்கள் இருக்கினம். அவையளுக்கு ஒண்டு சொல்லோணும். அந்தப் பயணத்தைப் பற்றி மாமி சொன்னது ஒரே ஒரு வசனம்: "கலியாணம் கட்டி இருவத்திரண்டு வருசத்தில நாலு நாள் நான் அடுப்படிக்குப் போகேல்லை." பகலில ஒரு வேலை, இரவில பேக்கரியில இன்னொரு வேலை செய்து மூண்டு பிள்ளையளை வளர்த்த மனுசி. அந்த நாலு நாளும் அவவுக்கு வேணும். அதைப் பார்த்து நக்கல் அடிக்கிற அரசியல் எனக்குத் தேவையில்லை.

ஆனா மாமி சமைக்காத அந்த நாலு நாளும் ஆரோ சமைச்சவை. காலமையும் பின்னேரமும் ஆரோ வந்து அறை துடைச்சு, கட்டில் விரிச்சு, துவாயை மடிச்சு யானைக்குட்டி செய்து வச்சிட்டுப் போனவை. மாமா கவுண்டரில போய் எடுப்பிச்ச காசு அவையின்ர காசு.

டிப்ஸ் எண்டால் நாங்கள் என்ன நினைக்கிறம்? சாப்பிட்டு எழும்பேக்க மனசு நிறைஞ்சால் மேசையில வைச்சிட்டு வாற காசு. பெரிய குறூஸ் கம்பனிகளில அது அப்பிடி இல்லை. ஒவ்வொரு பயணியின்ர கணக்கிலயும் நாளாந்தம் தானாகவே ஏறுது, சின்னப் பிள்ளையளின்ர கணக்கிலயும்தான். பிறகு அறை பாக்கிறவை, மேசையில பரிமாறுறவை, எங்கட கண்ணில படாமப் பின்னால நிண்டு வேலை செய்யிறவை எண்டு பிரிபடுது. பெயர் டிப்ஸ், உண்மையில சம்பளத்தின்ர ஒரு துண்டு. அதைத் தனியா வெட்டி எடுத்து வச்சால் விளம்பரத்தில டிக்கெட் விலையைக் குறைச்சுக் காட்டலாம். 

மாமாவிட்ட இதைச் சொன்னன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "கம்பனி குடுக்கவேண்டிய சம்பளத்தை நான் ஏன் குடுக்கோணும்?" நியாயமான கேள்விதான். ஆனா அவர் அதைக் கம்பனியிட்டக் கேக்கேல்லை. டிக்கெட் காசில ஒரு சதம் குறைக்கச் சொல்லேல்லை, ஒரு கடிதம் எழுதேல்லை. ஆகக் கீழ நிக்கிறவரின்ர பங்கில கை வைச்சிட்டு, அதுக்குக் கொள்கை விளக்கம் சொல்லுறார்.

கம்பனியைத் திட்டவேணும் எண்டால் திட்டுறதுக்கு நிறைய இருக்கு. ரோயல் கரிபியன் கம்பனியின்ர தலைமையகம் மியாமி. ஆனால் கம்பனி பதிவு செய்யப்பட்டிருப்பது லைபீரியாவில். அதன் கப்பல்களில் பெரும்பாலும் பறப்பது பஹாமாஸ் கொடி. கப்பலுக்குள்ளே எந்த நாட்டின் தொழிற்சட்டம் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாக அந்தக் கொடிதான். அதனால் அமெரிக்கப் பயணிகளை அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி, அமெரிக்க டொலரில் காசு வாங்குகிற கப்பலில் அமெரிக்காவின் அடிப்படைச் சம்பளம் கிடையாது. (1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒண்டு, வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில பயணிகளை ஏத்தி இறக்கிறதைத் தடுக்குது. வழியில ஒரு வெளிநாட்டைத் தொட்டாகோணும். பஹாமாஸ் இவ்வளவு 'பிரபலமானதுக்கு' வெள்ளை மணல் மட்டும் காரணமில்லை. அங்கயும் கன கப்பல்கள் இறக்கி விடுறது கம்பனியே தன்ர பாவனைக்கு வச்சிருக்கிற தீவிலதான்.)

வேலை நேரத்துக்கு வருவம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயம் எண்டு ஒண்டு இருக்கு. கடலில் வேலை செய்வோருக்கான அடிப்படைச் சட்டம் அதுதான். அதன்படி ஒரு நாடு இரண்டு வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஒன்று, வேலை நேரத்துக்கு உச்ச எல்லை: 24 மணித்தியாலத்தில் 14, ஏழு நாளில் 72. மற்றது, ஓய்வு நேரத்துக்குக் குறைந்த எல்லை: 24 மணித்தியாலத்தில் 10, ஏழு நாளில் 77. இரண்டாவதைக் கணக்குப் பாருங்கோ. கிழமைக்கு 168 மணித்தியாலம். 77 கழிச்சால் 91. ஒராளைக் கிழமைக்கு 91 மணித்தியாலம் வேலை வாங்கிறது, சட்டத்துக்கு உள்ளேயே நடக்கலாம். இதில சனி, ஞாயிறு எண்ட பேச்சே இல்லை. ஒப்பந்தம் ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம். 2024 ஜனவரியில ஓடத் தொடங்கின 'ஐகொன் ஒஃப் த சீஸ்' கப்பலில் உச்சமாக 7,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். ஏறத்தாழ மூண்டு பயணிக்கு ஒரு ஊழியர். அஞ்சு பேருள்ள ஒரு குடும்பம் நாலு நாள் சேர்ந்து சிரிக்கிறதுக்கு, ஒண்டரைக் குடும்பம் மாதக்கணக்கில பிரிஞ்சிருக்குது எண்டு சொன்னால் அது கவிதை இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

"விருப்பமில்லாமலா போனவை? ஊரில உழைக்கிறதை விடக் கூடத்தானே?" இதுவும் மாமாதான். கூடத்தான். மாமாவும் ஒரு காலத்தில அப்பிடித்தான் போனவர். இரவிரவா ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவின கதையை எங்களுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பார். அப்ப முதலாளி அவரின்ர டிப்ஸை அமத்தினதையும் சேர்த்துத்தான் சொன்னவர். ஊரை விடக் கூட எண்டதால அது சரியெண்டு அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

2020ஐயும் மறக்கேலாது. கொரோனா வந்த நேரம் பயணிகளை எப்பிடியோ விமானம் ஏத்தி வீட்ட அனுப்பிச்சினம். ஊழியர் கப்பலிலயே நிண்டவை. அந்த வருசக் கடைசியில எல்லா வகைக் கப்பல்களிலும் சேர்த்து ஏறத்தாழ நாலு லட்சம் பேர் ஒப்பந்தம் முடிஞ்சும் இறங்க முடியாமல் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் சொன்னவை. ஏப்ரலில 'எம்.எஸ்.சி. மக்னிஃபிகா' கொழும்புப் பக்கம் வரேக்க, அதில வேலை செய்த இலங்கையர் ஒருத்தர் தன்னை இறக்கி விடச்சொல்லி வீடியோவில கெஞ்சினதை நீங்களும் பார்த்திருப்பீங்கள். கடற்படை போய் அவரை இறக்கினது. வீடியோ பரவாட்டி என்ன நடந்திருக்கும்?

சரி, இது கனடா மாமாக்களின்ர கதை, எங்களுக்கு என்ன எண்டு நினைக்கலாம். 2023 ஜூனில சென்னையில இருந்து 'எம்பிரஸ்' காங்கேசன்துறைக்கு வந்தது. வரவேற்பு, படம், 'வடக்குக்குச் சுற்றுலா வருது' எண்டு தலைப்பு. அந்தக் கப்பல் 1990இல பிரான்சில கட்டினது, முதல் பெயர் 'நோர்டிக் எம்பிரஸ்'. மியாமிக்கும் பஹாமாஸுக்கும் இடையில மூண்டு, நாலு இரவுக் குறும்பயணம் ஓடுறதுக்காகவே கட்டின கப்பல். அதே 1990இலதான் காங்கேசன்துறை, மயிலிட்டிச் சனம் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டது. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைக்க 2017 ஆச்சு. இதைச் சொல்லாம அந்தப் படத்தைப் பாக்க எனக்கு ஏலாமக் கிடக்கு.

கப்பல் வந்து போனதுக்குப் பிறகு ஊரில மிஞ்சினது ஒரு ஆசை. யாழ்ப்பாணத்தில மதிலுக்கு மதில் 'குறூஸ் கப்பலில் வேலைவாய்ப்பு' நோட்டீஸ். எங்கட பட்ச் நண்பன் ஒருத்தனின்ர அண்ணா அப்பிடித்தான் போனவர். ஏஜென்சிக்கு நாலரை லட்சம். அம்மாவின்ர தாலிக்கொடி அடைவில. இப்ப ஏதோ ஒரு கப்பலின்ர குசினியில, தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கிற அறையில இன்னொருத்தரோட படுக்கிறார். மகளுக்கு மூண்டு வயசு. வீடியோ கோலுக்கு வைஃபை காசு குடுத்து வாங்கோணும். அவர் துடைக்கிறது எந்த மாமாவின்ர மேசையோ.

நாங்கள் தெரிஞ்சிருக்க வேண்டியது இதுதான்: அதே 2006 சமவாயத்தின்படி, வேலை எடுத்துத் தருவதற்கெண்டு கடற்பணியாளரிடம் ஒரு ஏஜென்சி நேரடியாகவோ சுற்றுவழியிலோ கட்டணம் வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் இவற்றின் செலவு மட்டும்தான் எங்கட பக்கம். விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் பயணச் செலவும் அவருடையதே. இலங்கையும் இதை ஏற்றுக்கொண்ட நாடுதான். 'பயிற்சிக் கட்டணம்', 'ஆவணக் கட்டணம்' எண்டு பெயர் மாத்தி வாங்கினாலும் அது கட்டணம்தான்.

குறூஸ் புக் பண்ணுற ஆக்களுக்கும் ஒண்டு. அந்தப் பதினெட்டரையை டிக்கெட் விலையோட முதலே கூட்டிப் பாருங்கோ. நாலு இரவு கட்டுப்படி ஆகாட்டி மூண்டு இரவு போங்கோ.

நண்பனின்ர அண்ணா கட்டின நாலரை லட்சத்துக்கு ரசீது இல்லை. போன கிழமை அந்த நோட்டீஸில இருந்த இலக்கத்துக்கு நான் எடுத்துப் பார்த்தன். உடனயே தூக்கினவை. அடுத்த குறூப்புக்கு இன்னும் ஆறு இடம் இருக்காம்.